கடலுக்கடியில் ஓர் ஆளுக்கு மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மீசையைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம். முளைத்துக்கொண்டிருக்கிறது. ஆறுதலும் வேண்டாம்.

எல்லாம் ஒரு பிரஷர் குக்கரில் ஆரம்பித்தது. என் மனைவி சுகிர்தா கண்டி டவுனில் ஒரு குக்கர் வாங்கினாள். கடையில் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் எல்லாரும் அதைக் கைப்பைக்குள் போட்டு மறந்துவிடுவார்கள். இவள் அங்கேயே நின்று எழுதி, அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது. நிலாவெளிக் கடற்கரையில் மூன்று பேர் தங்கலாம். அதோடு, காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கிற டைவிங் ஒரு தரம். அது மட்டும் ஓர் ஆளுக்கு.

மூன்று பேர் யார் என்பதில் குழப்பமில்லை. நான், சுகிர்தா, பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கிற எங்கள் மகள் தர்ஷனா. ஓர் ஆள் யார்?

அதிலும் எனக்குக் குழப்பமில்லை.

"நான்தான் இறங்குறேன்," என்றேன்.

"கூப்பன் எழுதினது நானுங்க."

"பேனா யாருது?"

"சரிங்க," என்றாள். எட்டு வருட இல்லறத்தில் நான் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. இவ்வளவு சுலபமாக ஜெயித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இறங்கத்தான் வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் உண்டு. நான் வத்தேகமக்காரன். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவன். கடலை இரண்டே தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் முழங்கால் வரைக்கும்தான். அந்த முழங்காலுக்குக் கீழே என்னதான் நடக்கிறது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள் கிடக்கிற கேள்வி. போதாக்குறைக்குத் தர்ஷனா வேறு ஒரு கேள்வியைப் போட்டாள்.

"அப்பா, கடலுக்கு அடியில சத்தம் கேக்குமா?"

"தெரியலையே செல்லம்."

"பாத்துட்டு வந்து சொல்லுவீங்களா?"

"அப்பா கேட்டுட்டு வந்து உன் காதுல சொல்றேன்."

"மீன் கண்ணை மூடாம எப்புடித் தூங்கும்னும் பாத்துட்டு வாங்க," என்றாள் சுகிர்தா. அவள் தெல்தெனியக்காரி. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் விழுகிற ஆற்றில் அண்ணன்மாரோடு நீந்தி வளர்ந்தவள். நான் நீந்துவேன் என்று சொல்லிக்கொள்பவன்.

மறுநாள் நான் வேலை செய்யும் கதிரை அலுமாரிக் கடையில் செய்தியை அவிழ்த்துவிட்டேன். எங்கள் கறுப்பையா அண்ணன் ஓர் அலுமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, மூச்ச எவ்வளவு நேரம் புடிப்ப?"

"ஏன்ணே?"

"கடலுக்கு அடியில மூச்சுதானப்பா முக்கியம். இன்னைக்கே பழகு."

அன்றைக்கே தீர்மானம் எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீலத் தண்ணீர் பெரல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு அதற்குள் தலையை விட்டேன். ஜூலை மாதத்து வத்தேகமத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். பதினோரு செக்கன் தாங்கினேன்.

திங்கட்கிழமை பதினாறு செக்கன். தலையைத் தூக்கினால் சுகிர்தா முன்னால் நிற்கிறாள், கையில் போனோடு.

"என்னங்க, மூச்சைப் புடிக்கவே கூடாதாம்."

"யார் சொன்னது?"

"நிலாவெளியில டைவிங் சொல்லிக் குடுக்கிற முஹ்ஸின் நானா. வொய்ஸ் மெசேஜ்ல கேட்டேன். மொதச் சட்டமே அதுதானாம். எந்த நேரமும் மெதுவா இழுத்து மெதுவா விட்டுக்கிட்டே இருக்கணும். அடியில மூச்சைப் புடிச்சுக்கிட்டு மேல வந்தா, நெஞ்சுக்குள்ள இருக்கிற காத்து பெருத்துப் போகுமாம். விசில் அடைச்ச குக்கர் மாதிரி."

"சுகிர்தா, முப்பத்திமூணு வருசமா மூச்சு விடுறவன் நான். எனக்கு மூச்சைப் பத்திச் சொல்லித் தர்றியா?"

"இல்லங்க. சட்டத்தைச் சொன்னேன்."

"சட்டமெல்லாம் பழகாதவனுக்கு."

"சரிங்க," என்றாள்.

அன்று பின்னேரம் பார்க்கிறேன், பெரலில் விளிம்பு வரை தண்ணீர் நிறைத்து வைத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. புருசனுடைய லட்சியத்தைப் புரிந்துகொண்ட மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நிறைத்து வைத்தாள். ஒருநாளும் பிசகவில்லை.

ஆனால் அந்த வொய்ஸ் மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. தேங்காய் துருவும்போது ஒரு கேள்வி அனுப்புவாள். தர்ஷனாவுக்குத் தலை வாரும்போது பதிலைக் கேட்பாள். முஹ்ஸின் கடலில் இருந்தால் அவருடைய மனைவி நப்லா பதில் சொல்வாள். இரண்டு நாளில் நப்லாவும் இவளும் இறால் கறிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்பது வரைக்கும் பேசிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காதைப் பற்றிப் பாடம் நடந்தது.

"நுவரெலியா பஸ்ல போறப்ப ரம்பொடைகிட்ட காது அடைக்கும்ல? அது மாதிரி தண்ணிக்குள்ள இறங்குறப்பயும் அடைக்குமாம். வலிக்கிறதுக்கு முன்னாடியே மூக்கைப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஊதணும். ஒரு அடி இறங்க ஒரு ஊது. திறக்கலைன்னா கொஞ்சம் மேல வரணும். தம் கட்டி ஊதக் கூடாது."

"ம்."

"தடிமல் புடிச்சு மூக்கு அடைச்சிருந்தா இறங்கவே கூடாதாம். காது திறக்காதாம்."

"எனக்கு எப்ப தடிமல் வந்திச்சு?"

"அதுதானே," என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

புதன்கிழமை திரும்பி வருகிற பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எப்பங்க திரும்பி வர்றோம்?"

"ஞாயித்துக்கிழமை காலையில டைவிங். ரெண்டு மணி பஸ்ல ஏறினா ராத்திரிக்கு வீடு. திங்கக்கிழமை கொழும்புல இருந்து பெரிய முதலாளி வர்றாரு. லீவுன்னு வாயத் திறந்தா வேலை போயிடும்."

"பிள்ளைக்கும் திங்கக்கிழமை சொல்வதெழுதல் இருக்கு. ஆனா முஹ்ஸின் நானா இன்னொரு விசயம் சொன்னாருங்க. இறங்கினவங்க அன்னைக்கே மலைக்கு..."

"போதும் தாயே. மிச்சத்தை நான் அங்க போய்க் கேட்டுக்கிறேன்."

"அப்ப ரெண்டு மணி பஸ்ஸுக்கு நானே போன்ல சீட் சொல்லிரவா?"

"சொல்லு."

உடனேயே முற்றத்துக்குப் போய் போனில் பேசினாள். சுறுசுறுப்பான பெண்.

வியாழக்கிழமை விடிய பெரலில் இருந்து தலையை எடுத்தேன். இருபத்தியெட்டு செக்கன்! என் வாழ்நாள் சாதனை. கையைத் தூக்கி வெற்றி முழக்கம் எழுப்ப வாயைத் திறந்தேன். முழக்கத்துக்குப் பதிலாக முதல் தும்மல் வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி கூண்டுக்குள் எகிறிக் குதித்தது.

"என்னங்க, தும்மலா?" என்று குசினிக்குள் இருந்து குரல்.

"மூக்குக்குள்ள தண்ணி போயிடிச்சு!"

"சரிங்க. நாளைக்கும் தண்ணி நிறைக்கவா?"

"பின்ன?"

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பெரிய அடி விழுந்தது.

"கண்ணுல போடுற மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுமாம். முகத்துல ஒட்டி உக்காரணுமாம். மீசை இருந்தா அதுக்கு இடையால தண்ணி உள்ள வருமாம்," என்றாள்.

நான் மீசையைத் தடவினேன். கண்டி வீதிகளில் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற மீசை. பெண் பார்க்கப் போனபோது மாமனார் சம்மதித்தது என் சம்பளத்தைப் பார்த்து அல்ல, இந்த மீசையைப் பார்த்து.

"என்ன செய்யச் சொல்ற?"

"நான் ஒன்னும் சொல்லலைங்க. தண்ணி வந்தா மூக்கால ஊதி வெளிய தள்ளலாமாம். வேற வழியும் இருக்குன்னு..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. கடலுக்கடியில் கிடக்கிற உண்மைக்காக ஒரு மீசை பெரிதா? நேரே சலூனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது தர்ஷனா கதவைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா! யாரோ ஒரு மாமா வந்திருக்காரு!"

சுகிர்தா ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது.

சனிக்கிழமை காலை கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். இரண்டு பேக். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

"ஏன் ரெண்டு?" என்று கேட்டேன்.

"நீலம் உங்களுக்கும் பிள்ளைக்கும். சிவப்பு எனக்கு. ஈரத்துணி கலந்திரக் கூடாதுல்ல?"

எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! தம்புள்ளை வருவதற்குள் மூக்குத் துடைத்துத் துடைத்து என்னுடைய மூன்று லேஞ்சி நனைந்துவிட்டது. ஹபரணையில் பஸ் நின்றபோது, அவர்களுக்குத் தெரியாமல் ஒரு தடிமல் மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலாவெளிக் கடல் கண்ணாடி விரித்த மாதிரிக் கிடந்தது. முஹ்ஸின் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒல்லி ஆள். வெயிலில் காய்ந்த முகம், சிரித்த கண்.

"வாங்கண்ணே. முதல்ல சில கேள்வி. உண்மைய மட்டும் சொல்லணும். ராத்திரி குடிச்சீங்களா?"

"இல்ல."

"நெஞ்சு வருத்தம், இழுப்பு, வலிப்பு?"

"இல்ல."

"தடிமல் இரிக்கா?"

"இல்லவே இல்ல," என்றேன். மாத்திரை என் பக்கம் இருந்தது.

"பொய்!" என்றாள் தர்ஷனா. "பஸ்ல அஞ்சு லேஞ்சி நனைச்சாரு. அம்மாட சால்வையிலயும் ஒரு மூலையில தொடைச்சாரு."

முஹ்ஸின் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, மூக்கப் புடிச்சிட்டு மெதுவா ஊதுங்க பாப்பம்."

ஊதினேன். காது திறக்கவில்லை. குக்கர் விசில் மாதிரி எங்கிருந்தோ ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"ஏலாதுண்ணே."

"மாத்திரை போட்டிருக்கேன். இறங்குறதுக்குள்ள சரியாயிடும்."

"அது அதவிட மோசம். அடியில இருக்கக்குள்ள மாத்திரட வேகம் முடிஞ்சா, காதுக்குள்ள காத்து பூட்டிக்கும். மேல வரக்குள்ள வெளிய வராது. காதுப் பறை கிழிஞ்சிரும். நான் உங்கள இறக்க மாட்டன்."

"வேற ஒரு நாளைக்கு?"

"கூப்பன் இண்டையோட முடியிது. ஆனா ஒரு ஆளுக்குத்தானே. ஊட்டுல யாரும் இறங்கலாம்." பிறகு என் மேலுதட்டையே பார்த்தார். "தங்கச்சி அனுப்பின போட்டோல மீசை இருந்திச்சே?"

"மாஸ்க்குக்குத் தண்ணி வருமேன்னு எடுத்துட்டேன்."

"அல்லாஹ்! அதுக்காக யாரும் மீசைய எடுப்பாங்களா? கொஞ்சம் வாசலின் பூசினா போதும். தங்கச்சிக்கிட்ட சொன்னனே!"

நான் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வேற வழி இருக்குன்னு சொல்ல வந்தேங்க. நீங்க சலூனுக்குப் போயிட்டீங்க," என்றாள்.

தர்ஷனாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்ப அம்மா போகட்டும்."

"ஐயோ, நானா? எனக்கு என்ன தெரியும்?" என்று பதறினாள் சுகிர்தா. பதறிக்கொண்டே சிவப்பு பேக்கைத் திறந்தாள். பதறிக்கொண்டே நீச்சல் உடுப்பை எடுத்தாள். தலைமுடி கட்டுகிற பட்டியை எடுத்தாள். தர்ஷனாவின் குழந்தை ஷாம்பூப் போத்தலை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"மாஸ்க்குக்கு உள்பக்கம் ஒரு சொட்டுத் தேய்ச்சு அலசினா கண்ணாடியில ஆவி படியாதாங்க. எச்சில் துப்பியும் தேய்க்கலாமாம். எனக்கு அருவருப்பா இருந்துச்சு."

கடைசியாக நான்காக மடித்த ஒரு படிவத்தையும் எடுத்தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

"போன்ல அனுப்பினாங்க. சும்மா பழகிப் பார்க்க எழுதினேன்," என்றாள்.

"தங்கச்சிக்குப் பாதிப் பாடம் போன்லயே முடிஞ்சிட்டு," என்று எழுந்தார் முஹ்ஸின்.

ஒரு மணித்தியாலம் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பழக்கினார். வாயில் வைத்த குழாயைக் கழற்றி மறுபடி வைத்தாள். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியே தள்ளினாள். என்ன இருந்தாலும் கட்டின மனைவி. உற்சாகப்படுத்தலாம் என்று கரையில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். முஹ்ஸின் ஓடி வந்தார்.

"அண்ணே, அதக் காட்டாதீங்க! அடியில அதுக்கு 'மேல போவம்' எண்டு அர்த்தம். நல்லா இரிக்கிறன் எண்டா இப்புடி." விரல் இரண்டை வளையமாகச் சேர்த்துக் காட்டினார்.

தூரத்தில் சுகிர்தா ஏற்கனவே வளையம் காட்டிக்கொண்டிருந்தாள்.

படகு தூரத்துச் சின்னத் தீவுப் பக்கம் போனது. நானும் தர்ஷனாவும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவள் வீடு கட்டினாள். நான் தும்மினேன். அவள் மறுபடி வீடு கட்டினாள்.

படகு திரும்பி வந்தபோது சுகிர்தாவின் முகத்தில் மாஸ்க் பதிந்த வட்டம். அந்த வட்டத்துக்குள் இரண்டு கண்கள். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த அதே கண்கள்.

"அம்மா, சத்தம் கேட்டிச்சா?"

சுகிர்தா மண்டியிட்டு மகளின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "கேட்டிச்சு செல்லம். மொதல்ல நம்ம மூச்சுதான். கொர்ர்னு இழுத்து, புளுபுளுன்னு விடுற சத்தம். அதுக்கு இடையில இன்னொன்னு. சடசடன்னு. கடலுக்கு அடியில யாரோ எண்ணெய்ச் சட்டியில கடுகு தாளிக்கிற மாதிரி."

"யாரு தாளிச்சாங்க?"

"சின்னச் சின்ன இறால். நாம விரலைச் சொடுக்குற மாதிரி கொடுக்கைச் சொடுக்குமாம். ஆயிரம், லட்சம் இறால்."

எனக்குக் கோபம் மறந்துபோனது. உண்மையாகத்தான் சொல்கிறேன். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"மீன் கிட்ட வந்திச்சா?"

"கண்ணுக்குக் கண்ணு பாத்துச்சு. மஞ்சக் கோடு போட்ட ஒன்னு என் பின்னாலயே வந்துச்சு."

"பயமா இல்லையா?"

"முஹ்ஸின் நானா கை எட்டுற தூரத்துல இருந்தாரு. ஒன்னையும் தொட விடல. பவளப்பாறை உசிருள்ளதாம். மேல வரப்ப, நாம விடுற சின்னக் குமிழிய முந்திக்கிட்டு வரக் கூடாதாம். அவ்வளவு மெதுவா."

"ஆமை?"

"ஒன்னு. நம்ம கறுப்பையா அண்ணன் மாதிரியே திரும்பிப் பாத்துச்சு."

இப்படியே கேள்வி கேட்டு நேரம் போனது தெரியவில்லை. மணி பன்னிரண்டு. நான் எழுந்து மணலைத் தட்டினேன்.

"சரி, கெளம்பு. ரெண்டு மணி பஸ்."

"யாரு, தங்கச்சியா?" என்றார் முஹ்ஸின். "இண்டைக்கி மலை ஏற ஏலாதே."

"என்னது?"

"சோடாப் போத்தல் மூடியப் பட்டெண்டு திறந்தா என்ன நடக்கும்? பொங்கும். அடியில இருந்து வந்தவங்கட ரத்தத்துலயும் காத்து கரைஞ்சிருக்கு. மெதுவாத்தான் வெளிய போகணும். உங்கட ஊரு உயரம். உடன ஏறினா மூடியத் திறக்கிற மாதிரி. மூட்டு வலி வரும், அதவிடப் பெரிசாயும் வரும். பதினெட்டு மணித்தியாலம் கடற்கரைலயே இரிக்கணும். நாளைக்குக் காலைல ஏறலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. வந்தவங்கள்ல தானாக் கேட்டது தங்கச்சி ஒரு ஆள்தான்."

"அப்ப நாங்களும் இருக்கிறோம்!" என்றேன்.

"பெரிய முதலாளி?" என்றாள் சுகிர்தா மெதுவாக.

நான் வாயை மூடினேன்.

"பிள்ளைக்குச் சொல்வதெழுதல்?"

நான் கண்ணையும் மூடினேன்.

"நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போகலைதானே. உங்களுக்கு மலை ஏறலாம்," என்று தைரியம் கொடுத்தார் முஹ்ஸின்.

"தனியா எப்புடிங்க இருப்பேன்?" என்று சுகிர்தா சோகமாகத் தலையைக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து நப்லா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி, தேங்காய்ப்பால் இப்ப விடவா? இராவைக்கி உங்களுக்கு எண்டுதான் பெரிய இறாலா எடுத்து வச்சன்."

என் மனைவியின் சோகம் தலையைக் குனிந்தபடியே குலுங்கியது.

த்ரீவீலர் வந்தது. நீல பேக்கைத் தூக்கிக் கொடுத்தாள். மகளை முத்தமிட்டாள். "காலையில பாணும் பருப்பும் போதுங்க. ரெண்டு ஜடை போட வராட்டி ஒன்னு போடுங்க," என்றாள்.

"பஸ்ல ஒரு சீட் வீணாகுதே," என்றேன்.

"அதப் பத்திக் கவலைப்படாதீங்க," என்று வளையம் காட்டினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து, மூக்கைத் துடைக்க ஒரு லேஞ்சி தேடி நீல பேக்கைத் திறந்தேன். மேலே தர்ஷனாவின் ஸ்கூல் வெள்ளை உடுப்பு, அயர்ன் பண்ணி மடித்து. வெள்ளைச் சொக்ஸ். கடைக்குப் போடுகிற என் சேர்ட். புதிதாக ஆறு லேஞ்சி. சுகிர்தாவுடையது ஒரு சீப்புக்கூட இல்லை.

கொண்டக்டர் கடதாசியோடு வந்து என் பெயரை வாசித்தார்.

"திலக்ஷன், ரெண்டு சீட்."

"மூணு. ஒரு ஆள் வரல."

"இல்ல அண்ணன், ரெண்டுதான். ஒரு அம்மா போன்ல சொன்னாங்க. பெரியவர் ஒன்னு, பிள்ளை ஒன்னு. இங்க திகதியோட இருக்கு பாருங்க. புதன்கிழமை."

தர்ஷனா என் தோளில் சாய்ந்தாள். பஸ் புறப்பட்டது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

எனக்கு முதல் தும்மல் வந்ததே வியாழக்கிழமை.